விடுகதையிலிருந்து வந்த வாசிப்பு

கரண்ட் பில்லுக்காக வீட்டுக்கு வருபவரைப் பார்த்து, ‘ரீடிங் எடுக்க வந்திருக்கிறார்’ என்கிறோம். அவர் எதையோ படிக்க வந்திருப்பதாக யாரும் சொல்வதில்லை. ‘ரீட்’ என்றால் ‘படி’ என்று ஒன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவர்கள்தாம் நாம். ஆனாலும் மீட்டர்ப் பெட்டிமுன் நிற்பவரைக் கண்டதும் நம் வாய் அந்தப் பாடத்தைத் தானாகவே கைவிட்டுவிடுகிறது. கைரேகை, முகம், வெப்பமானி, எதிராளியின் மனசு, விமானியின் காதில் விழும் குரல், மரபணுத் துண்டு என்று இத்தனையையும் ஆங்கிலேயர் ‘ரீட்’ செய்கிறார்கள். புத்தகம் வாசிப்பதுதான் மூல அர்த்தம், மற்றவையெல்லாம் அதிலிருந்து உவமையாகக் கிளைத்தவை என்றுதான் பலரும் நினைக்கிறோம். சொல்லின் வரலாறோ எதிர்த்திசையில் போகிறது. முகமும் கனவும் முன்னால் வந்தவை. புத்தகம் பின்னால் வந்து சேர்ந்தது.

ஒரு சமூகத்துக்கு எழுத்து புதிதாக வரும்போது அதற்கென்று புதுச்சொல்லும் கூடவே வந்துவிடாது. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வினையைத்தான் இழுத்துவந்து அந்த வேலைக்கு வைப்பார்கள். எந்த வினையை இழுத்தார்கள் என்பதில், வாசிப்பது என்றால் என்னவென்று அவர்கள் எண்ணினார்கள் என்பது தெரிந்துவிடும். 4ஆம் நூற்றாண்டில் விவிலியத்தைக் கோத்திக் மொழியில் பெயர்த்த ஆயர் வுல்ஃபிலாவுக்கு இந்தச் சிக்கல் வந்தது. லூக்கா நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் இயேசு நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் வாசிக்க எழுந்து நிற்கும் இடத்தில் வுல்ஃபிலா எடுத்தாண்ட வினை ‘சிங்வன்’. இன்றைய ஆங்கிலத்தில் பாடுவதைக் குறிக்கும் ‘சிங்’ இதன் உறவுதான். கோத்தியருக்கு வாசிப்பது என்றால் ஓதுவது. தேவாரம் ஓதக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

ஜெர்மானியர் வேறு வினையைப் பிடித்தார்கள். அவர்களுடைய ‘லேசன்’ என்ற சொல்லுக்குப் பழம்பொருள் பொறுக்குவது, சேர்ப்பது. திராட்சை அறுவடைக்கு ஜெர்மன் மொழியில் இன்றும் ‘வைன்லேசெ’ என்றுதான் பெயர். லத்தீனில் ‘லெகெரே’ என்ற வினைக்கும் பொறுக்குதல், வாசித்தல் என்ற இரு பொருளும் உண்டு. அதைப் பார்த்துத்தான் ஜெர்மன் சொல்லும் வாசிப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும். டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ், ஐஸ்லாந்திய மொழிகள் எல்லாம் இதே வழியில் போயின. பழைய ஆங்கிலத்திலும் பொறுக்குவதற்கு ‘லெசன்’ என்ற வினை இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை அவர்கள் கதிர் பொறுக்குவதோடு நிறுத்திக்கொண்டார்கள். எழுத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ‘ரேடன்’. இன்றைய ‘ரீட்’ என்பதன் பாட்டன் அதுதான்.

‘ரேடன்’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள்களை அடுக்கினால் மலைப்பாக இருக்கும். புத்தி சொல்லுதல், ஆலோசித்தல், ஆளுதல், ஏற்பாடு செய்தல், ஊகித்தல், விளக்குதல், இவற்றோடு, வாசித்தல். மற்ற ஜெர்மானிய மொழிகளிலும் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறது, வாசிப்பு என்ற பொருள் மட்டும் ஒட்டாமல். ஜெர்மன் ‘ராட்டன்’ இன்றும் இரண்டைச் செய்கிறது: ஆலோசனை சொல்கிறது, ஊகிக்கிறது. நகர மன்றக் கட்டடம் அங்கே ‘ராட்ஹவுஸ்’, அதாவது ஆலோசனை வீடு. விடுகதை ‘ரேட்ஸெல்’. இந்த ஐரோப்பிய வேரும், வெற்றியாக முடித்தல் என்ற பொருள்கொண்ட வடமொழி ‘ராத்’ என்ற வேரும் ஒன்றே என்பது வரலாற்று மொழியியலாளர் பலருடைய கணிப்பு. அந்தக் கணிப்பு சரியென்றால், நம் கோயில்களில் நடக்கும் ‘ஆராதனை’யும் இங்கிலாந்தின் ‘ரீடிங்’கும் தூரத்துப் பங்காளிகள். இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ரீடிங் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆஸ்கார் வைல்டு சிறையிருந்த ஊர். அதை ‘ரெடிங்’ என்றுதான் உச்சரிப்பார்கள். ரியாடா என்பவனுடைய ஆட்கள் குடியேறிய இடம் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். எழுத்து அப்படியே ஒத்திருந்தும் வாசிப்புக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரொற்றுமை காட்டி வரலாறு எழுதுவதில் நமக்கும் ஒரு ருசி உண்டு என்பதால் சொல்கிறேன்.

ஆட்பெயர்களில் இந்தச் சொல் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. ஆல்ஃபிரட் என்றால் தேவதைகளின் ஆலோசனை பெற்றவன். கொன்ராட் என்பவன் துணிவான ஆலோசனைக்காரன். 978 முதல் 1016 வரை, இடையில் சில மாதம் நாடிழந்து, இங்கிலாந்தை ஆண்ட எதல்ரெட் மன்னன் கதை கொஞ்சம் பரிதாபமானது. எதல்ரெட் என்றால் ‘உயர்ந்த ஆலோசனை’. அவன் காலத்தில் வைக்கிங்குகளின் படையெடுப்பு ஓயவில்லை. 991இல் மட்டும் 10,000 பவுண்டு கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பினான். பணத்தின் ருசி கண்டவர்கள் மறுபடி மறுபடி வந்தார்கள். 1013இல் நாட்டைவிட்டே ஓட நேர்ந்தது. செத்து நூறு ஆண்டுக்குமேல் ஆன பிறகு யாரோ அவனுக்கு ‘உன்ரேட்’ என்று பட்டம் கட்டினார்கள். நல்ல ஆலோசனை இல்லாதவன் என்று பொருள். பெயரையே திருப்பிப் போட்டு அடித்த சிலேடை. பிற்காலத்தில் ‘ரேட்’ என்ற சொல்லின் பொருள் மறந்துபோனதும், அந்தப் பட்டம் ‘அன்ரெடி’ என்று திரிந்தது. பள்ளிப் புத்தகங்களில் அவன் இன்றும் ‘ஆயத்தமில்லாத எதல்ரெட்’தான். ‘ரெடி’ என்பது வேறு வேரில் முளைத்த சொல். கெட்ட மந்திரிகள் வாய்த்தவனைச் சோம்பேறியாக்கிவிட்டது மொழி.

ஊகிப்பது என்ற கிளைதான் நம் கேள்விக்கு முக்கியம். ‘ரேடன்’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘ரேடல்ஸ்’, விடுகதை. கடைசியில் நின்ற ‘ஸ்’ ஒலியைப் பன்மை விகுதி என்று தப்பாக நினைத்து மக்கள் வெட்டியெறிய, அது ‘ரிடில்’ ஆனது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட எக்ஸிட்டர் சுவடியில் ஏறத்தாழ 95 விடுகதைகள் இருக்கின்றன. 1072இல் இறந்த ஆயர் லியோஃப்ரிக் அதை எக்ஸிட்டர் பேராலயத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கேயே இருக்கிறது. அதில் ஒன்று புத்தகப்பூச்சியைப் பற்றியது. ஏட்டைத் தின்கிறது, பெரியவர்கள் சொன்ன சொல்லையெல்லாம் விழுங்குகிறது, ஆனாலும் அதற்கு அறிவு வளரவில்லை. எழுத்து உள்ளே போவது வேறு, பொருள் தட்டுப்படுவது வேறு என்று தெரிந்த ஒரு சமூகம்தான் இப்படியொரு விடுகதையைப் போட்டிருக்க முடியும்.

வடக்கே ரூன் எழுத்துகளிடம் போனால் இது இன்னும் துலக்கமாகிறது. கல்லிலும் எலும்பிலும் மரத்திலும் கீறப்பட்ட கோட்டெழுத்து அது. கீறுவதற்கு அவர்களிடம் இருந்த வினையே ஆங்கிலத்தில் ‘ரைட்’ ஆயிற்று. ஜெர்மானியர் லத்தீனிடமிருந்து எழுதும் சொல்லைக் கடன் வாங்கியபோது ஆங்கிலேயர் கீறும் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அப்படிக் கீறியதைப் பொருளறிந்து சொல்வதற்குப் பழைய நார்ஸ் மொழியில் ‘ராத’ என்பார்கள். நம் ‘ரேடன்’ என்பதன் சகோதரச் சொல். ஸ்வீடனின் 11ஆம் நூற்றாண்டு நடுகற்களில் சில, ரூன் தெரிந்தவன் இதை ‘ராத’ செய்யட்டும் என்று வழிப்போக்கருக்குச் சவால் விடுகின்றன. பழைய நார்ஸ் மொழியில் வந்த எகில் கதையில் ஒரு நிகழ்ச்சி. ஹெல்கா என்ற பெண் நோயில் கிடக்கிறாள். படுக்கையில் தேடிய எகில் திமிங்கல எலும்புத் துண்டு ஒன்றைக் கண்டெடுக்கிறான். அவளுடைய அன்பைப் பெற ஆசைப்பட்ட இளைஞன் ஒருவன் அரைகுறை அறிவோடு அதில் ரூன்களைக் கீறி வைத்திருக்கிறான். வசியம் நோயாகிவிட்டது. எகில் எழுத்தைச் சுரண்டி எரித்துவிட்டு, சரியான ரூன்களைக் கீறி வைக்கிறான், பெண் தேறுகிறாள். ‘ராத’ செய்யத் தெரியாதவன் ரூன் கீறக் கூடாது என்று அவன் சொல்லும் பாட்டும் உண்டு. அங்கே எழுத்து என்பது மந்திரத்தில் பாதி, புதிரில் பாதி.

ஆக, புதிரை அவிழ்க்கும் வினை எப்படிப் புத்தகத்துக்கு வந்தது? அறிஞர்கள் இரண்டு பக்கமாகச் சாய்கிறார்கள். பழைய கருத்து, ரூனும் கனவும் புதிரும் போல லத்தீன் ஏடும் இருண்ட பொருள்தான், அதனால் அதற்கும் அதே வினை என்கிறது. இன்னொன்று நிக்கலஸ் ஹோ சொன்னது. வாசிப்பின் இனவரைவியல் பற்றி 1993இல் ஜானதன் போயாரின் தொகுத்த நூலில் வந்த கட்டுரையில், ஆலோசனை என்ற பொருளை அவர் நடுவில் வைக்கிறார். அன்றைக்கு வாசிப்பவர் தனக்காக வாசிக்கவில்லை. எழுத்தறிந்த ஒருவர் ஏட்டைப் பார்த்து உரக்கச் சொல்வார், கூடியிருக்கும் சபை கேட்கும். மன்னனின் அவையில் மூத்தவர் ஆலோசனை சொல்வதற்கும் இதற்கும் உருவத்தில் வேறுபாடில்லை. வாசிப்பவர், ஏட்டில் அடைந்து கிடக்கும் ஆலோசனையை ஊருக்கு எடுத்துச் சொல்பவர்.

எனக்கு ஹோவின் வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் முழுக்கச் சாய முடியவில்லை. அவர் வாதத்துக்கு வலுசேர்க்கும் சான்று ஆல்ஃபிரட் மன்னனின் இளமைக் கதை. 893இல் ஆசர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. தாய் ஒரு கவிதைப் புத்தகத்தைக் காட்டி, உங்களில் யார் இதை முதலில் கற்கிறானோ அவனுக்கே இது என்கிறாள். முதலெழுத்தின் சித்திர அழகில் மயங்கிய ஆல்ஃபிரட் அதை ஆசிரியரிடம் எடுத்துப் போகிறான், ‘வாசிக்கிறான்’, திரும்பி வந்து தாயிடம் ஒப்பிக்கிறான். ஆனால் அதே ஆசர், அந்த வயதில் ஆல்ஃபிரட்டுக்கு எழுத்தே தெரியாது என்றும் சொல்கிறார். அப்படியானால் யார் வாசித்தது? ஆசிரியர் சொல்லச் சொல்லப் பையன் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டான் என்று கொண்டால் முரண் தீர்கிறது. காதால் வாங்கியதும் அன்றைக்கு வாசிப்புக் கணக்கில் சேர்ந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி படித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆல்ஃபிரட் மன்னனாகி, போப் கிரகோரியின் ‘ஆயர் பணி’ நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, அதற்கு எழுதிய முன்னுரையில் நிலைமை மாறிவிடுகிறது. தான் பட்டத்துக்கு வந்தபோது ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே லத்தீன் கடிதம் ஒன்றைப் பெயர்க்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே என்று வருந்துகிறான். வசதியுள்ள, அடிமையல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தை நன்றாக வாசிக்கும்வரை படிப்பில் வைக்கப்பட வேண்டும் என்கிறான். இங்கே அவன் எழுதும் ‘அரேடன்’ என்ற வினையில் மந்திரமும் இல்லை, புதிரும் இல்லை. பள்ளிக்கூடத் திறமை ஒன்றைக் குறிக்கும் வெறும் சொல். நூலின் ஒவ்வொரு பிரதியோடும் 50 மாங்கஸ் பொன் மதிப்புள்ள ஒரு கோலையும் அவன் அனுப்பினான். சாமர்செட்டில் 1693இல் கிடைத்து, ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஆல்ஃபிரட் நகை’ அப்படியொரு கோலின் பிடி என்பது பலர் ஏற்கும் கருத்து. வரி தப்பாமல் ஏட்டில் வைத்து நகர்த்துவதற்கு. நூறு ஆண்டு கழித்து ஆல்ஃப்ரிக் என்ற துறவி லத்தீன் இலக்கணம் எழுதியபோது, லத்தீனின் வாசிக்கும் வினைக்கு நேராக இந்தச் சொல்லை வைத்துவிட்டுத் தயக்கமில்லாமல் அடுத்த வரிக்குப் போகிறார். ஒரு சொல்லின் பிறப்பில் இருந்த மர்மத்தை அதைப் புழங்கியவர்கள் எல்லோரும் நாள்தோறும் உணர்ந்தார்கள் என்று எழுதுவது நம் ஆசை. அவர்களுக்கு அது சொல், அவ்வளவுதான்.

பழம்பொருள் செத்துப்போகவில்லை என்பது மட்டும் உறுதி. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், தன் கனவை யோசேப்பாலும் ‘ரீட்’ செய்ய முடியாது என்று எழுதுகிறார். பார்வோனின் கனவுக்குப் பொருள் சொன்ன அதே யோசேப்பு. அவருடைய இன்னொரு காவியத்தில், நாயகி கிரிசெய்டு தோழியரோடு கூடத்தில் அமர்ந்திருக்க, ஒரு பெண் தீப்ஸ் முற்றுகைக் கதையை ‘ரீட்’ செய்கிறாள், மற்றவர்கள் கேட்கிறார்கள். ஒரே கவிஞர், ஒரே வினை, கனவுக்கும் புத்தகத்துக்கும். பிறகு வந்தவர்கள் சொல்லை எழுத்துக்கூட்டலால் இரண்டாகப் பிளந்தார்கள். ஆலோசனைக்கு ஓர் எழுத்துக்கூட்டல், வாசிப்புக்கு வேறொன்று. ஆலோசனைச் சொல் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஒஃபீலியாவின் வாயில் ஒருமுறை வந்து, 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக் கவிஞர் பர்ன்ஸிடம் கொஞ்சம் ஓடி, அகராதிக்குள் ஒதுங்கியது. பகையைக் குறிக்கும் ‘ஹேட்ரெட்’, உறவைக் குறிக்கும் ‘கின்ட்ரெட்’ இரண்டின் வாலிலும் அதன் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் கவனிப்பதில்லை.

வாசிக்கத் தெரிந்தவன் என்பது ஒரு காலத்தில் உயிரைக் காப்பாற்றிய தகுதி. மத குருக்களைச் சாதாரண நீதிமன்றம் தூக்கிலிடக் கூடாது என்ற சலுகை இங்கிலாந்தில் இருந்தது. குருவா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசிக்கச் சொன்னார்கள். வழக்கமாகக் கொடுத்தது 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். வாசித்தால் ‘குருவைப் போல் வாசிக்கிறான்’ என்று லத்தீனில் குறித்துக்கொண்டு கழுத்தை விட்டுவிடுவார்கள். அதனால் அந்த வசனத்துக்குக் கழுத்து வசனம் என்றே பெயர் வந்தது. எழுத்தறியாத திருடர்களும் அதை நெட்டுருப் போட்டு வைத்திருந்தார்கள். நாடக ஆசிரியர் பென் ஜான்சன் 1598இல் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரை வாட்போரில் கொன்றுவிட்டு, இந்தச் சலுகையால்தான் தப்பினார். கட்டைவிரலில் சூடு மட்டும் விழுந்தது. வாசிப்புச் சோதனை 1706இல் நீக்கப்பட்டது, சலுகை 1827இல் முடிந்தது. நெட்டுருப் போட்டவனையும் படித்தவனாக எழுதிக்கொண்ட அந்தக் குமாஸ்தாக்கள் ஏமாளிகள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆல்ஃபிரட் தாயிடம் ஒப்பித்ததும் அதுதானே.

வாய்விட்டுச் சொல்வது என்ற பொருள் இன்றும் சட்டத்தில் நிற்கிறது. மசோதாவுக்கு முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு என்று லண்டனிலும் டெல்லியிலும் கணக்கு வைக்கிறார்கள். அச்சுப் பிரதி கையில் இல்லாத காலத்தில் எழுத்தர் உரக்கப் படித்துக் காட்டிய வழக்கத்தின் மிச்சம் அது.

கண்ணால் மட்டும் வாசிக்கும் பழக்கம் எப்போது பொதுவானது என்பது தனிச் சண்டை. மிலான் ஆயர் அம்புரோஸ் உதடசையாமல் வாசித்ததை அகுஸ்தீன் தனியே குறித்து வைத்திருப்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பால் சாங்கர் 1997இல் எழுதிய நூலில், சொற்களுக்கிடையே இடம்விட்டு எழுதிய ஐரிஷ் எழுத்தர்களுக்கே பெருமையைத் தருகிறார். இடைவெளி இல்லாத வரியை வாயால் பிரித்துப் பார்த்தால்தான் சொல் பிடிபடும் என்பது அவர் வாதம். நம் ஓலைச்சுவடியைப் புள்ளியில்லாமல், இடைவெளியில்லாமல் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

இந்த வினையின் இறந்தகாலத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எழுத்து மாறாது; உச்சரிப்பு மட்டும் ‘ரெட்’ ஆகும். வழிநடத்துவதைக் குறிக்கும் ‘லீட்’ இதே ஒலிமாற்றத்துக்கு உட்பட்டபோது எழுத்தையும் திருத்திக்கொண்டது. இது திருத்திக்கொள்ளவில்லை. அதனால் தாளில் அந்த நான்கு எழுத்தைக் காணும் ஒவ்வொருவரும், நேற்றா இன்றா என்று வாக்கியத்தைப் பார்த்து ஊகித்த பிறகே வாயைத் திறக்க முடியும்.

19, 20ஆம் நூற்றாண்டுகளில் சொல் கட்டவிழ்ந்தது. மனிதன் கருவியை ‘ரீட்’ செய்தது போக, வெப்பமானியே 40 டிகிரி ‘ரீட்’ செய்யத் தொடங்கியது. நல்ல நாவல் தானே நன்றாக ‘ரீட்’ ஆகிறது. கணினித் தட்டு ‘ரீட்’ செய்கிறது. மரபணு வரிசையாக்க இயந்திரம் துப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் ஆய்வகத்தில் ‘ரீட்’ என்றே பெயர். 150 எழுத்துள்ள சிறு ரீட் பழகிய அளவு. இதில் பொருளறிவது ஏதும் இல்லை, எக்ஸிட்டர் பூச்சியைப் போல விழுங்குவதுதான். நியூயார்க்கின் கறுப்பின, லத்தீனோ நடன அரங்குகளிலோ சொல் கூராகியது. அங்கே ஒருவரை ‘ரீட்’ செய்வது என்றால் அவருடைய குறையைக் கண்டுபிடித்துச் சபையில் நயமாகப் போட்டுடைப்பது. 1990இல் வந்த ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ ஆவணப்படத்தில் டோரியன் கோரி அதற்கு இலக்கணமே சொல்கிறார். நம் ஊர் ‘வச்சு செய்தல்’ ஏறக்குறைய அதுதான்.

இலக்கியத் திறனாய்விலும் பழைய விடுகதைப் பொருள் மரியாதையோடு திரும்பி வந்தது. ஒரு கவிதைக்கு நான் சொல்லும் விளக்கமே என்னுடைய ‘ரீடிங்’. அது தமிழுக்கும் வந்தது. ‘மறுவாசிப்பு’, ‘பெண்ணிய வாசிப்பு’ என்று நாம் எழுதுகிறபோது ‘வாசிப்பு’ என்ற தமிழ்ச்சொல்லுக்குள் இந்த ஆங்கில வினையின் ஆயிரமாண்டுப் பொருள் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பொருளுக்குத் தமிழில் சொந்தச் சொல் இல்லாமல் இல்லை. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 110ஆவது காதலுக்கு. 71ஆவது அமைச்சியலில் வருகிறது. அரசனின் முகம் பார்த்து அகம் உணரும் ஆலோசகர்களுக்கு. புத்தி சொல்வதும் முகம் அறிவதும் ஒரே ஆளின் தொழில் என்ற அந்த இடத்தில்தான் ‘ரேடன்’ நின்றிருந்தது. ‘ரீட்’ என்பதற்குப் பள்ளிக்கூடம் ‘படி’ என்று சொல்லித் தந்ததில் தப்பில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் ‘முகத்தைப் படித்தான்’, ‘அவள் மனதை வாசித்தேன்’ என்று எழுதும்போது, கையில் குறிப்பறிதல் இருக்க ஏன் கடன் வாங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

விமான வானொலியில் ஒருவர் குரல் மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று அறிய, ‘எப்படி ரீட் செய்கிறீர்கள்?’ என்றுதான் கேட்பார்கள். பதில் 1 முதல் 5 வரை ஓர் எண். 1 என்றால் ஒன்றுமே விளங்கவில்லை; 5 என்றால் தெளிவாக விளங்குகிறது.